ஈஸ்டை மெதுவாக வளர்த்து ஆராய்வது எப்படி?

குடுவையில் வளரும் ஈஸ்ட், குளுக்கோஸ் உள்ளவரை விரைந்து பெருகிவிட்டு, அது தீர்ந்ததும் தன் போக்கையே மாற்றிக்கொள்வதால், மெதுவான வளர்ச்சியை அதில் நிதானமாகக் கவனிக்க இயலாது. அதற்கு ஏற்றது, 1950ஆம் ஆண்டில் மோனோ என்ற அறிவியலாளர் ஒருபுறமும், நோவிக், சிலார்டு இருவரும் மறுபுறமும் விவரித்த கீமோஸ்டாட் முறையாகும். கலனுக்குள் புதிய ஊடகம், அதாவது செல்கள் வளர்வதற்கான சத்துக் கரைசல், சீராகச் சொட்டச் சொட்ட, அதே அளவு கலவை வெளியேறிக்கொண்டே இருக்கும்.

ஒரு லிட்டர் கலவைக்கு மணிக்கு 100 மி.லி. ஊடகம் செலுத்தினால், நிலை சீரானபின் செல்கள் ஏறத்தாழ 7 மணி நேரத்தில் இரட்டிக்கும், 50 மி.லி. செலுத்தினால் அதற்கு 14 மணி நேரம் ஆகும். வேகத்தை முடிவு செய்வது பம்ப்தான். வெப்பநிலையை 30 டிகிரி செல்சியஸிலும் பிஎச் அளவை 5இலும் நிறுத்தி, தாராளமாகக் காற்று செலுத்துங்கள். ஊடகத்தில் லிட்டருக்கு 7.5 கிராம் குளுக்கோஸ் போதும். நைட்ரஜன், பாஸ்பேட், வைட்டமின்கள் ஆகியவை மிகுதியாக இருக்கட்டும். உண்மையிலேயே குளுக்கோஸ்தான் வளர்ச்சியைக் கட்டுப்படுத்துகிறதா என்பதை ஊகத்துக்கு விடாமல், ஊடகத்தில் அதை இரட்டிப்பாக்கிப் பாருங்கள். செல்களின் உலர் எடையும் ஏறத்தாழ இரட்டிக்க வேண்டும்.

ஊடகக் குழாய் கலவையைத் தொடாமல், துளி இடைவெளி விட்டு விழும்படி அமைப்பது அவசியம். இல்லையெனில் செல்கள் குழாய் வழியே ஏறி, ஊடகக் கலனுக்குள்ளேயே வளரத் தொடங்கிவிடும்.

கலனின் கொள்ளளவைப் போல் ஐந்து மடங்கு ஊடகம் பாயும்வரை பொறுத்திருங்கள். மணிக்கு 100 மி.லி. என்றால் அது 50 மணி நேரம். அதற்காக வாரக்கணக்கில் ஓடவிடவும் கூடாது. குளுக்கோஸை உள்ளிழுப்பதில் தேர்ந்த திரிபுச் செல்கள் மெல்லப் பெருகி, நீங்கள் தொடங்கிய இனத்தை ஓரங்கட்டிவிடும்.

நிலை சீரானதும் ஒரு துளியை நுண்ணோக்கியில் வைத்து 200 செல்களையாவது எண்ணுங்கள். வளர்ச்சி மெதுவாக ஆக ஆக, பிரிவுக்கு முந்தைய காத்திருப்புக் கட்டமே பெரிதும் நீள்வதால், மொட்டு விட்டுப் பெருகும் ஈஸ்டில் மொட்டில்லாத தனிச் செல்கள் கூடுதலாகத் தென்படும். இவற்றை உணவின்றி ஓய்ந்த செல்கள் எனக் கருதுவது தவறு. கிடைக்கும் குளுக்கோஸைப் பெரும்பாலும் சுவாசித்தே செலவிட்டு, எத்தனால் உண்டாக்காமல், டிரெஹலோஸ், கிளைக்கோஜன் ஆகிய சேமிப்பு மாவுப்பொருள்களைச் சேமித்து வைத்திருக்கும் செல்கள் இவை. விரைந்து வளரும் செல்களைவிட வெப்பத்தையும் இவை நன்கு தாங்கும்.

எஞ்சிய குளுக்கோஸை அளக்க வேண்டுமானால் மாதிரியை எடுத்த நொடியிலேயே உறையவைக்க வேண்டும். மேசைக்குக் கொண்டுசெல்லும் நேரத்துக்குள் செல்கள் அதை உண்டு தீர்த்துவிடும்.