வானத்தைப் பார்த்து நாசாவுக்குத் தகவல் அனுப்புவது எப்படி?

நாசாவின் செயற்கைக்கோள்கள் மேகங்களை மேலிருந்துதான் பார்க்கின்றன. உயரத்தில் ஒரு மேகப்படலம் பரந்து கிடந்தால் அதற்கு அடியில் இன்னொரு அடுக்கு இருப்பது தெரியாமலே போகலாம், சன்னமான கீற்று மேகம் கண்ணில் படாமல் தப்பிவிடும், பனி மூடிய தரை எது மேகம் எது என்றுகூடக் குழப்பம் வரும். கீழே நிற்கிற நாம் அண்ணாந்து பார்த்தாலே சொல்லிவிடக்கூடிய விஷயங்கள் இவை. அதனால்தான் பொதுமக்களிடமே கேட்கிறார்கள். நம்மிடம் ஒரு போன் இருந்தால் போதும்.

செயலியின் பெயர் குளோப் அப்சர்வர். குளோப் என்பது அமெரிக்க அரசு 1995-ல் பள்ளி மாணவர்களுக்காகத் தொடங்கிய திட்டம். யார் வேண்டுமானாலும் கலந்துகொள்ள வசதியாக 2016-ல் இந்தச் செயலி வந்தது. திட்டத்தில் சேர்ந்திருக்கும் நாடுகளில் இருந்துதான் தகவல் அனுப்ப முடியும், இந்தியாவும் இலங்கையும் அதில் உண்டு. கொசு உற்பத்தியாகும் இடம், மரத்தின் உயரம், நிலம் எப்படி இருக்கிறது என்றெல்லாம்கூடப் பதியலாம். ஆனால் புதிதாக வருபவர்கள் மேகத்திலிருந்து தொடங்குங்கள், தினமும் தலைக்கு மேலேயே இருக்கிறது.

முதலில் கணக்கு

பிளே ஸ்டோரிலோ ஆப் ஸ்டோரிலோ இறக்கிக்கொண்டு மின்னஞ்சல் முகவரி கொடுத்துப் பதிவு செய்யுங்கள். இருப்பிட அனுமதியும் கேமரா அனுமதியும் கேட்கும், இரண்டையும் கொடுத்தால்தான் வேலை நடக்கும். உள்ளே மேகங்களுக்கான பகுதியைத் திறந்தால் ஒரு சிறிய பயிற்சி வரும். அவசரப்பட்டுத் தள்ளிவிடாதீர்கள், அதிலுள்ள மேகப் படங்கள் பின்னால் ரொம்ப உதவும்.

எங்கே, எப்போது

நாலாபக்கமும் வானம் தெரிகிற இடம் வேண்டும். மொட்டை மாடி, மைதானம், கடற்கரை எதுவானாலும் சரி. எந்தச் செயற்கைக்கோள் எப்போது உங்கள் ஊருக்கு மேலே வரும் என்பதைச் செயலியிலேயே பார்க்கலாம். அந்த நேரத்துக்கு 15 நிமிடம் முன்பின்னாகப் பதிந்தால் உங்கள் தகவலைச் செயற்கைக்கோள் தகவலோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். இடி மின்னல் இருந்தால் மாடிக்குப் போகவே வேண்டாம். சூரியனை நேராகப் பார்க்கவும் கூடாது.

பார்த்துப் பதிவது

தேதி, நேரம், இடம் மூன்றையும் செயலியே எடுத்துக்கொள்ளும். வானத்தில் எவ்வளவு பங்கு மேகம் என்பதுதான் முதல் பெரிய கேள்வி. பெரும்பாலானவர்கள் தடுமாறுவது இங்கேதான். தொடுவானத்தை ஒட்டிய மேகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நெருங்கி நின்று இடையிலுள்ள நீலத்தை மறைத்துவிடும், அதை மட்டும் பார்த்தால் பாதி வானத்தை முக்கால் என்று சொல்லிவிடுவோம். வானத்தை மனதுக்குள் நான்காகப் பிரித்து, ஒவ்வொரு கால் பகுதியிலும் எவ்வளவு மூடியிருக்கிறது என்று பார்த்து, அப்புறம் கூட்டிச் சொல்லுங்கள்.

அடுத்து மேகத்தின் வகை. சுமார் 2 கிலோமீட்டருக்குக் கீழே இருப்பது தாழ் மேகம், அங்கிருந்து 6 கிலோமீட்டர் வரை இடை மேகம், அதற்கும் மேலே உயர் மேகம். உயரத்தைக் கண்ணால் எப்படி அளப்பது என்று கேட்பீர்கள். திட்டுத் திட்டாகப் பிரிந்து கிடக்கும் மேகமென்றால் கையை முழுக்க நீட்டிப் பிடித்துப் பாருங்கள்: ஒரு திட்டு உங்கள் முஷ்டி அளவுக்கு இருந்தால் தாழ் மேகம், கட்டைவிரல் அகலம் என்றால் இடை மேகம், சுண்டுவிரல் நுனிக்குள் அடங்கினால் உயர் மேகம். துல்லியமான அளவு இல்லைதான், ஆனாலும் நன்றாகவே கைகொடுக்கும். பஞ்சு உருட்டியதுபோல அடி தட்டையாக மிதப்பது திரள் மேகம், சீவிவிட்ட நரைமுடிபோல மெலிதாக இழுபட்டிருப்பது கீற்று மேகம், வடிவமே இல்லாமல் வானத்தைச் சாம்பலாக மூடியிருப்பது படை மேகம். இவற்றின் கலவைகளும் உண்டு, படத்தோடு ஒப்பிட்டுத் தேர்ந்தெடுங்கள்.

ஜெட் விமானம் விட்டுப்போகும் வெள்ளைக் கோடுகளையும் தனியாகக் கேட்கும். உடனே கரைகிறதா, கோடாகவே நீடிக்கிறதா, அகன்று பரவுகிறதா என்று கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். பரவுகிற கோடு கடைசியில் மேகமாகவே மாறிவிடுவதுண்டு, அதனால் ஆராய்ச்சியாளர்களுக்கு இது முக்கியம். வானத்தின் நிறத்தைச் சொல்லும்போது சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று, அடிவானத்துக்கும் உச்சிக்கும் நடுவில் பாருங்கள்.

கடைசியாகப் படங்கள். வடக்கு, கிழக்கு, தெற்கு, மேற்கு, மேலே, கீழே என்று ஆறு. போனைச் சரியான கோணத்தில் பிடித்தால் செயலி தானே எடுத்துக்கொள்ளும். ஆள் முகமோ வண்டி எண்ணோ விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள், படங்கள் பொதுவெளிக்குப் போகக்கூடியவை.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்

வானம் துடைத்து வைத்ததுபோல இருக்கிறதா? அதையும் பதியுங்கள். அழகான மேகம் வந்த நாளில் மட்டும் எல்லோரும் அனுப்பினால், மேகமே இல்லாத இடத்தில் செயற்கைக்கோள் மேகம் இருப்பதாகக் காட்டுவதை யார் கண்டுபிடிப்பது? மேகத்தின் வகை பிடிபடவில்லை என்றால் ஊகித்து நிரப்பாதீர்கள், தெரிந்ததை மட்டும் சொல்லிவிட்டுப் படத்தைச் சேர்த்து அனுப்புங்கள். படம் இருப்பதால் இன்னொருவர் பார்த்துப் புரிந்துகொள்ள முடியும். 2018-ல் மார்ச் நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை நாசா ஒரு சவாலாக அறிவித்தபோது 55,000-க்கும் மேற்பட்ட மேகப் பதிவுகள் வந்தன. அத்தனையும் தனித்தனி மனிதர்கள் அண்ணாந்து பார்த்துச் சொன்னவை.

அனுப்பிய பிறகு

இணையம் இல்லாத இடத்திலும் பதியலாம், போனிலேயே இருக்கும், அப்புறம் அனுப்பிக்கொள்ளலாம். உங்கள் பதிவு ஏதாவது செயற்கைக்கோளோடு பொருந்தினால் நாசாவிலிருந்து ஒரு மின்னஞ்சல் வரும். அதில் உயர், இடை, தாழ் என்ற மூன்று அடுக்குக்கும் நீங்கள் சொன்னது ஒரு பக்கம், செயற்கைக்கோள் கண்டது இன்னொரு பக்கம் என்று அட்டவணை இருக்கும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் நாம்தான் தவறு என்று நினைத்துவிடாதீர்கள். முதலில் தாழ் மேக வரிசையைப் பாருங்கள்: நீங்கள் பார்த்த தாழ் மேகம் அங்கே விடுபட்டு, மேலே உயர் மேகம் பதிவாகியிருந்தால், அந்தத் திரைக்கு அடியில் இருந்ததை நீங்கள்தான் சொல்லியிருக்கிறீர்கள்.