பி38, ஜேஎன்கே பிளாட்: ஆன்டிபாடி ஊற்றும் முன்பே நடந்துவிடும் தவறுகள்

செல்லுக்கு நெருக்கடி வந்தால் முதலில் விழித்துக்கொள்ளும் கைனேஸ்களில் (புரதங்களில் பாஸ்பேட் ஏற்றும் நொதிகள்) பி38, ஜேஎன்கே இரண்டும் முக்கியமானவை. இவை விழிக்கும்போது இவற்றின் மேலேயே குறிப்பிட்ட அமினோ அமிலங்களில் பாஸ்பேட் ஏறும்: பி38-இல் திரியோனின் 180, டைரோசின் 182. ஜேஎன்கே-யில் திரியோனின் 183, டைரோசின் 185. இந்த இடங்களில் பாஸ்பேட் ஏறியிருந்தால்தான் பாஸ்போ ஆன்டிபாடி பிடிக்கும். பிளாட் (வெஸ்டர்ன் பிளாட்: புரதங்களை ஜெல்லில் பிரித்து, சவ்வுக்கு மாற்றி, ஆன்டிபாடியால் கண்டறியும் சோதனை) சொதப்பினால் பலரும் வேறு ஆன்டிபாடி வாங்க ஓடுகிறார்கள். கோளாறு பெரும்பாலும் செல் தட்டிலேயே நடந்து முடிந்திருக்கும்.

எதுவும் கொடுக்காத கன்ட்ரோல் செல்லிலும் பட்டை பளிச்சென்று வருகிறதா? நெருக்கடியை நாமே கொடுத்திருப்போம். மீடியம் மாற்றுவது, புது சீரம் சேர்ப்பது, டிரிப்சின் போடுவது, தட்டை இன்குபேட்டருக்கு வெளியே ஆறவிடுவது என எல்லாமே இந்தப் பாதைகளைத் தூண்டக்கூடியவை. மீடியத்தை முந்தைய நாள் மாலையே மாற்றிவிடுங்கள். சோதிக்கும் மருந்தை, அதே தட்டிலிருந்து எடுத்த வெதுவெதுப்பான மீடியத்தில் கலந்து மெல்லச் சேருங்கள். கன்ட்ரோல் தட்டுக்கும் அதே அளவு கரைப்பானை, அதே கையாளுதலோடு கொடுங்கள். சிக்னல் சில நிமிடங்களில் ஏறி, ஒரு மணி நேரத்துக்குள் இறங்கிவிடவும் கூடும். அதனால் ஒரே ஒரு நேரப்புள்ளியை நம்ப வேண்டாம். 5, 15, 30, 60 நிமிடம் என்று எடுத்துப் பாருங்கள்.

அடுத்தது செல்லை உடைக்கும் கட்டம். அதிகம் இழப்பது இங்கேதான். செல் உடைந்ததும் பாஸ்பட்டேஸ்கள் பாஸ்பேட்டைக் கழற்ற ஆரம்பித்துவிடும். மீடியத்தை உறிஞ்சியதும் 95 டிகிரிக்குச் சூடாக்கிய 1 சதவீத எஸ்டிஎஸ் (புரதங்களை விரிக்கும் டிடர்ஜென்ட்) பஃபரை நேராகத் தட்டில் ஊற்றிச் சுரண்டி, 5 நிமிடம் கொதிக்கவைப்பதே நம்பகமான வழி. டிஎன்ஏ கோழையாக இழுக்கும். ஊசி வழியாகப் பலமுறை இழுத்து விடுங்கள், அல்லது சோனிக்கேட் செய்யுங்கள். டிடிடி-யையும் (புரதத்தின் சல்பர் பிணைப்புகளை உடைப்பது) சாயத்தையும் புரத அளவு பார்த்த பிறகே சேருங்கள். புரதம் அளக்கும் பிசிஏ முறை எஸ்டிஎஸ்ஸைத் தாங்கும், டிடிடி-யைத் தாங்காது. பிராட்ஃபோர்டு முறைக்கோ எஸ்டிஎஸ்ஸே ஆகாது.

கொதிக்கவைக்காமல் செல்லை உடைக்கும் ரிப்பா பஃபர்தான் என்றால் எல்லாம் ஐஸ் மேல் நடக்கட்டும். 1 மில்லிமோலார் சோடியம் ஆர்த்தோவனடேட், 10 முதல் 50 மில்லிமோலார் சோடியம் ஃப்ளோரைடு இரண்டுமே வேண்டும்: முன்னது டைரோசின் பாஸ்பட்டேஸ்களை அடக்கும், பின்னது செரின், திரியோனின் பக்கத்தைப் பார்த்துக்கொள்ளும். வனடேட்டைத் தண்ணீரில் கரைத்து அப்படியே ஊற்றினால் பாதி வேலைதான் செய்யும். 200 மில்லிமோலார் கரைசலின் பிஹெச்சை 10-க்குக் கொண்டுவந்து, மஞ்சள் நிறம் போகும்வரை கொதிக்கவைத்து, ஆறியதும் மீண்டும் 10-க்குச் சரிசெய்யுங்கள். நிறமின்றி, பிஹெச் நிலைக்கும்வரை இதைத் திரும்பச் செய்ய வேண்டும். உலோக அயனிகளைப் பிடிக்கும் இடிடிஏ-யும், டிடிடி-யும் வனடேட்டின் வீரியத்தைக் கெடுத்துவிடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

பிளாக்கிங்குக்கு (ஆன்டிபாடி கண்டபடி ஒட்டாமல் சவ்வின் காலி இடங்களை மூடும் கட்டம்) பால் பவுடர் வேண்டாம், அதிலுள்ள கேசீனே பாஸ்பேட் ஏறிய புரதம். தயாரிப்பாளர் குறிப்பு வேறு சொல்லாதவரை டிபிஎஸ்டி-யில் (ட்வீன் கலந்த டிரிஸ் உப்புக் கரைசல்) 5 சதவீத பிஎஸ்ஏ (மாட்டு சீரம் ஆல்புமின்) போதும்.

ஜேஎன்கே 46, 54 கிலோடால்டனில் வரும். எர்க் என்ற உறவுக் கைனேஸ் 42, 44-இல் வரும். பாஸ்பேட் ஏறும் பகுதி இரண்டிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருப்பதால், ஆன்டிபாடி ஆள் மாறிப் பிடிக்க வாய்ப்பு உண்டு. ஜெல்லை நன்றாக ஓடவிட்டு, பாஸ்போ எர்க் பிளாட்டோடு ஒப்பிடுங்கள். இந்தக் கைனேஸ்களைத் தூண்டும் அனிசோமைசின் அல்லது புறஊதா ஒளி பட்ட செல்களின் லைசேட்டை (உடைத்த செல் கரைசலை) ஒவ்வொரு ஜெல்லிலும் ஏற்றுங்கள். பட்டை இல்லாதபோது செல் அமைதியாக இருந்ததா, பிளாட் கெட்டுப்போனதா என்று அதை வைத்துத்தான் சொல்ல முடியும். பட்டை உண்மையிலேயே பாஸ்பேட்டால்தானா என்று உறுதிசெய்ய லாம்டா பாஸ்பட்டேஸ் போட்டுப் பாருங்கள், பட்டை மறைய வேண்டும். அந்த லைசேட்டில் மட்டும் பாஸ்பட்டேஸ் தடுப்பான்களோ இடிடிஏ-யோ இருக்கக்கூடாது. எல்லாச் செல்லிலும் இருக்கும் ஆக்டின் புரதத்தை மட்டும் வைத்து ஒப்பிடுவதும் போதாது. மொத்த பி38 அளவே மாறியிருக்கலாம் என்பதால் அதையும் பார்த்தாக வேண்டும்.

பி38 தடுப்பானான எஸ்பி203580 கொடுத்த பிறகும் பாஸ்போ பி38 பட்டை குறையவில்லை, மருந்து வேலை செய்யவில்லை என்று முடிவுகட்டுவதும் அடிக்கடி நடக்கிறது. இந்த மருந்து பி38-இல் ஏடிபி அமரும் குழியை அடைக்கிறது. மேலிருந்து எம்கேகே3, எம்கேகே6 கைனேஸ்கள் பி38-இல் பாஸ்பேட் ஏற்றுவதை அது தடுப்பதில்லை. மருந்தின் விளைவை அறிய பி38-க்குக் கீழே உள்ள எம்கே2-வின் திரியோனின் 334-ஐயோ, ஹெச்எஸ்பி27-இன் செரின் 82-ஐயோ பாருங்கள்.