மெட்டஃபர் என்று எழுதியாயிற்று, அப்புறம்?

என் அக்கா மகன் உயர்நிலை மூன்றில் ஆங்கில இலக்கியம் எடுத்திருக்கிறான். போன மாதம் ஒரு சனிக்கிழமை, சிங்கப்பூர் ஈசூனில் அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அவனுடைய விடைத்தாளைப் பார்த்தேன். "இந்த வரியில் மெட்டஃபர் (உருவகம்) இருக்கிறது" என்று எழுதியிருந்தான். பக்கத்தில் ஆசிரியர், "சரி, அதனால் என்ன?" என்று சிவப்பு மையில் கேட்டிருந்தார். நல்ல கேள்வி அது. பையனுக்கு நாற்பது இலக்கியச் சொற்கள் மனப்பாடம். ஆனால் ஒன்றைக்கூட எடுத்துப் பயன்படுத்தத் தெரியவில்லை.

உவமை, மோனை என்றெல்லாம் தமிழ்ப் பாடத்தில் கேட்டு வளர்ந்தவன்தான் அவன். இரண்டு பாடமும் ஒன்றுக்கொன்று உதவும் என்று யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். அன்று மேசையில் நாங்கள் செய்ததை இங்கே படிப்படியாக எழுதுகிறேன். தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கும், பக்கத்தில் உட்கார்ந்து உதவ நினைக்கும் பெற்றோருக்கும் பயன்படும்.

முதல் படி: பேசுவது யார்?

பென்சிலைக் கீழே வையுங்கள். கவிதையை இரண்டு முறை வாய்விட்டுப் படியுங்கள். பிறகு ஒரே கேள்வி: இதில் யார், யாரிடம் பேசுகிறார்கள்?

கவிதைக்குள் பேசும் குரலுக்கு ஸ்பீக்கர் என்று பெயர். அது கவிஞரின் குரலாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. சங்க அகப்பாடல்களோடு 'தலைவி தோழிக்குச் சொன்னது' என்பது போன்ற குறிப்பு இருக்கும். பாடியவர் கபிலராக இருக்கலாம், பேசுபவள் தலைவி. நமக்கு இது புதிதே இல்லை.

நம் ஊர் எடுத்துக்காட்டு ஒன்று. 1979ல் வெளிவந்த எட்வின் தம்புவின் 'யுலிசீஸ் பை த மெர்லயன்' கவிதையில், பல கடல்களைக் கடந்து வந்த பழைய கிரேக்க நாயகன் மெர்லயன் சிலையைப் பார்த்துப் பேசுகிறான். எழுதியவர் சிங்கப்பூரர், பேசுபவன் வெளியூர்க்காரன். நம் ஊரை ஏன் ஒரு பயணியின் கண்ணால் காட்ட வேண்டும்? அந்தக் கேள்வி வந்துவிட்டால் கட்டுரைக்கு வழி கிடைத்துவிட்டது. யுலிசீஸ் என்ற பெயரைச் சொன்னதுமே ஹோமரின் காவியம் முழுவதும் பின்னால் வந்து நிற்கிறதே, அதுதான் அல்யூஷன். ஒருவரை 'கர்ணன்' என்று நாம் சொல்லும்போது நடப்பதும் அதுவே.

இரண்டாம் படி: எதை எதோடு ஒப்பிடுகிறார்கள்?

இந்தப் படியில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். சிமிலி நம் உவமை, மெட்டஃபர் நம் உருவகம் என்று தொடங்கலாம். ஆனால் ஓர் இடத்தில் கவனம் தேவை. 'தேன்மொழி' என்பதை நம் இலக்கணம் உவமைத்தொகை என்கிறது. 'போன்ற' என்ற உருபு மறைந்திருந்தாலும் அது உவமைதான். ஆங்கிலத்தில் 'லைக்', 'ஆஸ்' மாதிரி ஒரு சொல் வெளிப்படையாக இல்லாவிட்டால் அது மெட்டஃபர் கணக்கில் சேர்ந்துவிடும். பெயர் வைக்கும்போது ஆங்கிலக் கணக்கையே பின்பற்றுங்கள்.

பெயர் வைத்த பிறகு என்ன செய்வது? இங்கே தொல்காப்பியம் கைகொடுக்கிறது. உவமை பிறக்கும் இடங்கள் நான்கு என்று அதன் உவமவியல் சொல்கிறது: வினை, பயன், மெய், உரு. அதாவது செயல், விளைவு, வடிவம், நிறம். எந்த மொழிக் கவிதையிலும் இந்த நான்கையும் கேட்டுப் பார்க்கலாம்.

நானே ஒரு வரி எழுதினேன்: "கடைசி ரயில் பெருமூச்சு போல நிலையத்துக்குள் நுழைந்தது." பெருமூச்சுக்கு வடிவமும் நிறமும் கிடையாது. ஆக, ஒப்புமை செயலில் இருக்கிறது: மெதுவாக, நீளமாக வருவது. விளைவிலும் இருக்கிறது: ஒரு பாரம் இறங்குவது. உள்ளே உட்கார்ந்திருப்பவர்களின் களைப்பு இப்போது ரயிலுக்கே வந்துவிட்டது.

அதையே மாற்றினோம்: "கடைசி ரயில், இந்நகரத்தின் பெருமூச்சு." 'போல' போனதும் இரண்டுக்கும் நடுவில் இருந்த இடைவெளியும் போய்விட்டது. களைத்திருப்பது பயணிகள் மட்டுமல்ல, ஊரே. சிமிலியும் மெட்டஃபரும் வேறுபடுவது இங்கேதான். 'லைக்' இருக்கிறதா என்று தேடுவதோடு நிறுத்தினால் இது தெரியாமலே போகும்.

மேல்வகுப்பில் டெனர், வெஹிக்கிள் என்ற சொற்கள் வரும். ஆங்கில விமர்சகர் ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ் 1936ல் முன்வைத்தவை. பயப்பட வேண்டாம். டெனர் என்பது பொருள், அதாவது ரயில். வெஹிக்கிள் என்பது உவமை, அதாவது பெருமூச்சு.

மூன்றாம் படி: உயிரற்றது பேசுகிறதா?

மனிதரல்லாத ஒன்றுக்கு மனிதச் செயலைக் கொடுத்தால் பர்சானிஃபிகேஷன். சிலப்பதிகாரத்தில் மதுரை மதில்மேல் கொடிகள் அசைகின்றன. காற்றில் இயல்பாக ஆடும் கொடிதான். இளங்கோ அதைப் பார்த்து, 'வராதீர்கள்' என்று கண்ணகியையும் கோவலனையும் கைகாட்டித் தடுப்பது போல் என்கிறார். இது தற்குறிப்பேற்ற அணி. இயல்பான ஒரு நிகழ்ச்சியின்மேல் கவிஞர் தன் காரணத்தை ஏற்றுகிறார்.

மழை, புயல், வெயில் போன்றவை பாத்திரத்தின் மனநிலையைத் தாங்கி வந்தால் அதைப் பதெட்டிக் ஃபாலசி என்பார்கள். ஆங்கில விமர்சகர் ஜான் ரஸ்கின் 1856ல் இந்தச் சொல்லைக் குறையாகத்தான் சொன்னார். இன்று வகுப்பறையில் அது பாராட்டும் இல்லை, குறையும் இல்லை, வெறும் பெயர்.

நான்காம் படி: காதைத் தீட்டுங்கள்

அலிட்டரேஷன் நம் மோனைக்கு அருகில் வரும். ஆங்கிலத்தில் எழுத்தைப் பார்க்கக் கூடாது, ஒலியைத்தான் கேட்க வேண்டும். இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தோம்: சந்தேகமான சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதிப் பாருங்கள். 'சிட்டி' (city), 'கேட்' (cat) இரண்டும் ஆங்கிலத்தில் ஒரே எழுத்தில் தொடங்கினாலும் தமிழில் எழுதியதும் ஒலி வேறு என்று தெரிந்துவிடும். 'ஃபோன்', 'ஃபிஷ்' இரண்டும் வேறு எழுத்தில் தொடங்கினாலும் ஒலி ஒன்று.

ரைம் என்பது அடி இறுதியில் வரும் இயைபு. இங்கும் அதே சோதனைதான். 'லவ்', 'மூவ்' இரண்டும் கண்ணுக்கு ஒத்துப்போகும், காதுக்கு ஒத்துப்போகாது. அதனால் ஐ ரைம் என்று தனிப்பெயர். எதுகைக்கு ஆங்கிலத்தில் நேரான சொல் கிடையாது, தேட வேண்டாம்.

மீட்டர், அதாவது அடியின் தாள அமைப்புதான் நம் பிள்ளைகளுக்குச் சிரமம். அதற்குக் காரணம் இருக்கிறது. தமிழ் யாப்பு நேர், நிரை என்று அசையைப் பார்க்கும். ஆங்கிலம் அழுத்தத்தைப் பார்க்கும். சிங்கப்பூர் ஆங்கிலத்தில் நாம் எல்லா அசைக்கும் ஏறக்குறைய ஒரே நேரம் கொடுத்துப் பேசுகிறோம். அது நம் பேச்சின் இயல்பு, வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் அப்படியே படித்தால் கவிதையின் தாளம் காதில் விழாது. அகராதியில் அழுத்தக் குறியைப் பார்த்து, அழுத்தம் வரும் இடத்தில் மேசையைத் தட்டுங்கள். த-டம், த-டம் என்று ஐந்து முறை வந்தால் அயாம்பிக் பென்டாமீட்டர். சானெட் என்ற கவிதை வகையின் பதினான்கு அடிகளும் பெரும்பாலும் இந்தத் தாளத்தில்தான் இருக்கும். ஷேக்ஸ்பியரின் சானெட் தொகுப்பு 1609ல் வந்தது, மொத்தம் 154. ஒன்றை எடுத்துத் தட்டிப் பார்த்தாலே போதும். தாளம் எங்கே தடுமாறுகிறதோ அங்கே கோடு போடுங்கள். கவிஞர் அங்கே ஏதோ சொல்ல வருகிறார்.

ஐந்தாம் படி: சொன்னதும் நினைத்ததும் ஒன்றா?

"தேவர் அனையர் கயவர்" என்கிறார் வள்ளுவர். கயவரைத் தேவரோடு சேர்த்துவிட்டாரே என்று பார்த்தால், இருவரும் தம் இஷ்டப்படி நடப்பவர்கள் என்று முடிக்கிறார். வஞ்சப் புகழ்ச்சி. ஆங்கிலத்தில் வெர்பல் ஐரனி.

டிராமாட்டிக் ஐரனி வேறு. நமக்குத் தெரிந்தது பாத்திரத்துக்குத் தெரியாது. சிலம்பை விற்கப் புறப்படும் கோவலனை ஒரு காளை எதிர்க்கிறது. அது தீய சகுனம் என்று அவனுக்குத் தெரியாது, அவன் குலத்தார் அறியாத வழக்கம். நமக்குத் தெரியும். அவன் நடந்துகொண்டே இருக்கிறான். வயிற்றைப் பிசையும் அந்த உணர்வுக்குத்தான் இந்தப் பெயர்.

ஆறாம் படி: விடை எழுதுவது

முன்பின் பார்த்திராத கவிதையைத் தேர்வில் கொடுப்பார்கள். நீங்கள் பயன்படுத்தும் ஒவ்வோர் இலக்கியச் சொல்லுக்கும் மூன்று வாக்கியம் எழுதப் பழகுங்கள். எது, என்ன செய்கிறது, ஏன் இந்த இடத்தில். இப்படி: "கவிஞர் ரயிலைப் பெருமூச்சாக உருவகிக்கிறார். ரயிலின் மெதுவான வருகை, நீண்ட நாளின் பாரம் இறங்குவதாகக் கேட்கிறது. கவிதையின் கடைசி அடியில் இது வருவதால் படிப்பவரும் அதே களைப்போடு நின்றுவிடுகிறார்." மூன்றாவது வாக்கியம் வரவில்லையா? அந்தச் சொல்லை விட்டுவிடுங்கள், எவ்வளவு பெரிய சொல்லாக இருந்தாலும் சரி.

அன்று அவன் தன் விடைத்தாளில் ஏழு சொற்களை அடித்துவிட்டு இரண்டை மட்டும் வைத்துக்கொண்டான். அடுத்த சனிக்கிழமை ஒரு சானெட் கொண்டுவருகிறானாம். மேசையில் தட்டுகளை முன்கூட்டியே எடுத்துவிடச் சொல்லி அக்காவிடம் சொல்லிவிட்டேன்.