கிரேக்கம், ரோம் பாடத்தை நம்ம தோட்டத்து பிள்ளைங்களுக்கு எப்படி சொல்லிக் கொடுக்கறது

மலேசியாவுல படிவம் ஒன்னு செஜாரா, அதான் வரலாறு பாடத்துல கிரேக்கம், ரோம் வந்தாலே நம்ம பிள்ளைங்க முகம் சுருங்கிடும், பேரு ஒன்னும் வாயில நுழையாது, மலாய்ல அப்படியே மனப்பாடம் பண்ணி பரீட்சையில கொட்டிட்டு மறுநாளே மறந்துடுவாங்க. சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்து கோயில் மண்டபத்துல சனிக்கிழமை சாயந்தரம் டியூசன் எடுக்கறேன், எனக்கு கைகொடுத்த வழிய சொல்றேன், வீட்டுல சொல்லிக் கொடுக்கறவங்களும் செஞ்சு பாருங்க.

முதல்ல புத்தகத்த மூடிடுங்க. ஆட்சி, சமுதாயம், சமயம்னு மூனா பிரிச்சு சொன்னா பிள்ளைக்கு ஒட்டாது. ஒரே கேள்வி போதும்: முடிவெடுக்கற எடத்துல யாரு உக்காந்தா, யாரு வெளிய நின்னா?

ஏதென்ஸ்ல இருந்து ஆரம்பிங்க. பொங்கலுக்கு வாங்கி உடைஞ்சுபோன பானை இருந்தா ஓட்ட எடுத்து வைங்க, ஆளுக்கு ஒரு துண்டு, ஒரு ஆணி. கூட படிக்கற பிள்ளைங்க பேர எழுத விடாதீங்க, மனசு நோகும். நான் டுரியான், ரம்புத்தான், சிக்குனு பழம் பேர கீற சொன்னேன், அதிகமா விழுந்தது வெளிய போகணும். ஏதென்ஸ்காரங்க இப்படித்தான் ஆள வெளியேத்தினாங்க, 6000 ஓடு விழுந்தாதான் செல்லும், 10 வருஷம் ஊர்ப்பக்கம் வரக்கூடாது, ஆனா சொத்த தொடமாட்டாங்க. கி.மு. 480ல சலாமிஸ் கடல் சண்டையில ஊரக் காப்பாத்தின தெமிஸ்டாக்ளிஸையே பிறகு இப்படி அனுப்பிட்டாங்க. அவர் பேரு கீறின ஓடு 190 போல ஒரே கிணத்துல கெடைச்சிருக்கு, அத்தனையும் ஒரு சில பேரு கையெழுத்துதான், முன்கூட்டியே எழுதி வச்சு ஆளுங்க கையில கொடுக்கத்தான்னு ஆய்வாளர்ங்க சொல்றாங்க. இத சொன்னா பிள்ளைங்க கண்ணு அப்படியே விரியும்.

உடனே நிப்பாட்டி பொம்பள பிள்ளைங்க கீறின ஓட்டுத் துண்டையெல்லாம் தனியா எடுத்து வைங்க. ஏதென்ஸ்ல பொம்பளைங்களுக்கு, வெளியூர்ல இருந்து வந்து குடியேறினவங்களுக்கு, அடிமைங்களுக்கு ஓட்டு கெடையாது. "அப்ப நான் கஷ்டப்பட்டு கீறினது செல்லாதா டீச்சர்?"னு ஒரு பிள்ளை அழுவாத குறையா கேட்டா. அந்தக் கேள்விதான் சமுதாயப் பாடமே, அங்க கொஞ்ச நேரம் நில்லுங்க, அவசரப்படாதீங்க.

ஸ்பார்ட்டாவ சுருக்கமா சொல்லிடலாம், ரெண்டு ராஜா, 60 வயசு தாண்டின பெரியவங்க சபை, வருஷா வருஷம் மாறுற அஞ்சு அதிகாரிங்க, வயல்ல பாடுபட்டது ஹெலட்டுங்கற அடிமைக் குடிங்க.

ரோமுக்கு நம்ம கதையே இருக்கு. கி.மு. 509ல ராஜாவ தொரத்திட்டு வருஷத்துக்கு ரெண்டு கான்சல், அதாவது தலைமை அதிகாரி வச்சாங்க, ஒருத்தர் சொல்றத இன்னொருத்தர் தடுக்கலாம். ஆனா பதவியெல்லாம் பெரிய குடும்பத்துக்கே. அதனால கி.மு. 494ல கடன்ல நொந்துபோன சாதாரண ஜனங்க ஊரவிட்டே கெளம்பிப் போய் ஒரு குன்றுல உக்காந்துட்டாங்கன்னு ரோமானியர் வரலாறு சொல்லுது, அதுக்கப்புறம்தான் அவங்களுக்காக பேச ட்ரிப்யூன்ங்கற பிரதிநிதிங்க வந்தாங்க. இந்த எடத்துல 1941 கிள்ளான் வட்டார எஸ்டேட் ஸ்ட்ரைக்க சொல்லுங்க, தொரைய பாத்தா சைக்கிள்ல இருந்து எறங்கணும்ங்கறத நிறுத்தணும்னு நம்ம ஆளுங்க கேட்டாங்கல்ல, அத. தாத்தா பாட்டி இருக்கற வீட்டுல அந்தக் காலம் எப்படின்னு கேட்டு எழுதிட்டு வர சொல்லுங்க.

ஒன்னு மட்டும் கவனம். நம்ம பால்மரம் வெட்டினவங்களும் ரோம் அடிமையும் ஒன்னுன்னு பிள்ளை எழுதிடக்கூடாது. அங்க மனுசன் சட்டப்படி சொத்து, விக்கலாம் வாங்கலாம். ஸ்பார்டகஸ் தலைமையில அடிமைங்க பண்ண கிளர்ச்சி கி.மு. 71ல அடங்கினதும் பிடிபட்ட 6000 பேர ரோட்டோரமா சிலுவையில அறைஞ்சாங்க.

சமயத்துக்கு பிள்ளைங்கள கோயிலுக்கு வெளிய கூட்டிட்டு போங்க. எங்க முனீஸ்வரருக்கு கெடா வெட்டறது வெளிய மரத்தடியில, பிறகு சமைச்சு எல்லாருக்கும் பங்கு வச்சுருவாங்க. கிரேக்கர்ங்களுக்கும் பலிபீடம் கோயிலுக்கு முன்னால வெளியதான், எலும்பும் கொழுப்பும் சாமிக்கு எரிச்சுட்டு கறிய ஜனங்க பகிர்ந்து சாப்பிட்டாங்க. ரோம்ல வீட்டுக்குள்ளயே சின்ன சாமி மாடம் இருக்கும், குடும்பத் தலைவர்தான் பூசை. ஊருக்கு பொதுவா வெஸ்டாங்கற அடுப்பு தெய்வத்தோட கோயில்ல நெருப்பு அணையாம பாத்துக்க ஆறு பொம்பளைங்க, 30 வருஷம் கல்யாணம் கெடையாது. முக்கியமானது, பூசாரிக்குன்னு தனி வர்க்கம் இல்ல, ஆட்சி பண்ணவங்களே குருமாருங்களா இருந்தாங்க, சீசர் கி.மு. 63ல தலைமை குருவா தேர்தல்ல நின்னு ஜெயிச்சாரு. முதல் கேள்விய மறுபடி கேளுங்க, மூனு தலைப்பும் ஒன்னா சேந்துடும்.

ஸீயஸ்னா ஜூபிடர், ஏதீனானா மினெர்வா, இந்த ஜோடிப் பேர மட்டும் மனப்பாடம்தான் பண்ணணும், வேற வழி இல்ல.

கடைசி பதினஞ்சு நிமிஷம் மலாய்ல எழுத விடுங்க, பரீட்சை அதுலதான். பானை ஓட்டோட ஓரத்த சிமெண்டுல தேச்சு மழுக்கி சாக்குல போட்டு வச்சிடுங்க, அடுத்த வருஷ பிள்ளைங்களுக்கு வேணும்.