கோடை முகாம் வேலைக்கு விண்ணப்பிக்கும் முன்...

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் மே மாத லீவில் கோடை முகாம் வேலை தேடும் கல்லூரிப் பிள்ளைகளே, ‘எந்த வேலையானாலும் சரி’ என்று எழுதிக் கொடுக்காதீர்கள். பனையோலையில் கொட்டான் (சிறு கூடை) முடையவோ சிலம்பம் சுற்றவோ தெரிந்தால் பயிற்சியாளர் வேலையையே கேளுங்கள். பிள்ளைகளோடு நாள் முழுக்க இருக்கும் குழு வழிகாட்டிக்குப் பொறுமைதான் முதல் தகுதி.

நீச்சல்குளப் பொறுப்பு மட்டும் வேறு. நீந்தத் தெரிந்தால் போதாது. உயிர்காப்புப் பயிற்சி வேண்டும். மூச்சுப்பேச்சில்லாமல் கிடக்கும் பிள்ளைக்கு 30 முறை மார்பை அழுத்தி, 2 முறை மூச்சு ஊதும் சி.பி.ஆர். முதலுதவியும் கைப்பழக்கமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் தயவுசெய்து ஒப்புக்கொள்ளவே வேண்டாம்.

சமையலுக்குப் போகிறவர்கள், யாருக்கு நிலக்கடலை, முட்டை ஒத்துக்கொள்ளாது என்று முதல் நாளே கேட்டு எழுதி, அடுப்படிச் சுவரில் ஒட்டிவிடுங்கள். சம்பளம், தங்குமிடம் இரண்டையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.