குற்றத்தால் பாதிக்கப்பட்டோர் கணக்கெடுப்பு: விடுபட்டவர்களைச் சேர்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

காவல் நிலையத்துக்குப் போகாத குற்றம் எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் வெளியிடும் அறிக்கை, பதிவான வழக்குகளை மட்டுமே எண்ணுகிறது. மதுரை வட்டாரத்தில் எத்தனையோ புகார்கள், புகாரைப் பெற்றுக்கொண்டதற்கு அடையாளமாகத் தரும் சி.எஸ்.ஆர். ரசீதோடு, வழக்காகப் பதிவாகாமல் நின்றுவிடுகின்றன, இன்னும் பல, ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் பேசி முடிக்கப்படுகின்றன. இந்த இடைவெளியை அறியத்தான் அமெரிக்காவில் 1972 முதலும், இங்கிலாந்து மற்றும் வேல்ஸில் 1982 முதலும் மக்களையே நேரில் கேட்கும் கணக்கெடுப்புகள் நடக்கின்றன. தொடர்ந்து நடக்கும் அத்தகைய தேசியக் கணக்கெடுப்பு நம்மிடம் இல்லை. நாளை ஒன்று வருமானால், அந்த நாடுகள் பல ஆண்டுகள் பட்டுத் திருத்திக்கொண்ட பிழைகளை நாமும் முதலிலிருந்து செய்ய வேண்டியதில்லை.

முதல் தவறு, மாதிரியை, அதாவது கேள்வி கேட்கத் தேர்ந்தெடுக்கும் ஆட்களை, எந்தப் பட்டியலிலிருந்து எடுக்கிறோம் என்பதிலேயே நிகழ்ந்துவிடுகிறது. அமெரிக்கக் கணக்கெடுப்பு முகவரிகளிலிருந்து தொடங்குவதால் வீடற்றவர்களும் சிறையில் இருப்பவர்களும் அதில் வருவதில்லை. அதே முறையை மதுரையில் அப்படியே பின்பற்றினால், மாசி வீதிகளில் கடைகள் அடைத்தபின் வாசலில் படுப்பவர்களும், கட்டுமான இடத்துத் தகரக் கொட்டகையில் தங்கும் வடமாநிலத் தொழிலாளர்களும், செங்கல் சூளையோடு இடம்பெயரும் குடும்பங்களும் ஒருசேர விடுபட்டுப் போவார்கள். வீட்டு முகவரிக்குப் பதிலாக வாக்காளர் பட்டியலை வைத்துக்கொண்டாலும் சிக்கல் தீராது. ஆனையூரிலும் திருவாதவூரிலும் உள்ள இலங்கைத் தமிழர் முகாம்களில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக வாழ்பவர்களுக்கு வீடு இருக்கிறது, ஆனால் வாக்கு இல்லை. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீடற்றோரை எண்ணுவதற்கென்றே பிப்ரவரி 28ஆம் தேதி இரவை ஒதுக்கினார்கள். பகலில் போனால் அந்த இடத்தில் அவர்கள் இருக்க மாட்டார்கள் என்ற எளிய உண்மையிலிருந்து வந்த ஏற்பாடு அது. நமக்கும் அது பொருந்தும்.

பெரியார் பேருந்து நிலையத்துக்கு அருகே ஓர் அதிகாலையில் ஒரு பெரியவரிடம், "உங்கள் வீட்டில் திருட்டு நடந்ததா?" என்று அச்சிட்ட வினாவை நான் வாசித்ததை இப்போது நினைத்தாலும் வேதனையாக இருக்கிறது. அவர் தலையசைத்து இல்லை என்றார். சற்று நேரம் கழித்து, தூங்கும்போது தலைமாட்டில் வைத்திருந்த பையை இரண்டு முறை பறிகொடுத்ததாகவும், ஆதாரும் ரேஷன் அட்டையும் அதில்தான் போயின என்றும் தானாகவே சொன்னார். வினாவில் 'வீடு' என்ற சொல் இருந்ததால், அவருடைய இழப்பு எங்கள் தாளில் ஏறவில்லை.

இரண்டாவது தவறு, சிறிய குழுக்களைப் பொது மாதிரிக்குள்ளேயே எதிர்பார்ப்பது. 2011 கணக்கெடுப்பில் 'மற்றவர்' என்ற பாலினத்தில் நாடெங்கும் பதிவானவர்கள் ஏறத்தாழ 4.88 லட்சம் பேர். அன்றைய மொத்த மக்கள்தொகை 121 கோடி. அந்த விகிதப்படி பத்தாயிரம் பேரைக் கேட்டால் நான்கு பேர் கிடைப்பார்கள். நான்கு பேரின் பதிலை வைத்து எந்தச் சதவீதமும் சொல்ல முடியாது. ஆகவே அவர்களுக்கெனத் தனியாகக் கூடுதல் மாதிரி வேண்டும். அதற்காக ஒரே ஒரு தொண்டு நிறுவனத்தின் வழியாகவோ, ஒரு ஜமாத்தின், அதாவது சேர்ந்து வாழும் திருநங்கையர் குழுவின், தலைவி வழியாகவோ மட்டும் திருநங்கைகளைத் தேடிப் போனால், அந்த வட்டத்துக்கு வெளியே தனியாக வாழ்பவர்களும் திருநம்பிகளும் மீண்டும் விடுபடுவார்கள். பல இடங்களிலிருந்து தொடங்கி, ஒருவர் மூலம் மற்றொருவரை அணுகி, யார் யாரை அறிமுகம் செய்தார் என்பதைக் குறித்துக்கொண்டு, பின்னர் எடையிட்டு, அதாவது எளிதில் அகப்படுபவரின் பதிலுக்குக் குறைவாகவும் அரிதாக அகப்படுபவரின் பதிலுக்குக் கூடுதலாகவும் மதிப்புக் கொடுத்து, கணக்கிட வேண்டும்.

மூன்றாவதாக, கேட்கும்போது யார் அருகில் நிற்கிறார்கள் என்பதைக் கவனிக்காமல் விடுவது. என் அனுபவத்தில் இதைவிடப் பெரிய தவறு இல்லை. உசிலம்பட்டிப் பக்கம் ஒரு திண்ணையில் ஒரு பெண்ணிடம் பேசிக்கொண்டிருந்தோம். மாமியார் நிலைப்படியில் சாய்ந்து நின்றிருந்தார். எல்லாக் கேள்விக்கும் "அப்படி ஒண்ணும் இல்லைங்க" என்றே பதில் வந்தது. அதைச் சொல்லும்போதெல்லாம் அவர் கண் நிலைப்படிக்குப் போய்த் திரும்பியது. தேசியக் குடும்பநல ஆய்வில், ஒரு வீட்டில் ஒரு பெண்ணிடம் மட்டுமே வன்முறை பற்றிக் கேட்க வேண்டும், தனிமை கிடைக்காவிட்டால் அந்தப் பகுதியைக் கேட்கவே கூடாது என்று விதி வைத்திருக்கிறார்கள். கேட்காமல் விட்டதை 'கேட்கவில்லை' என்று பதியலாம். 'வன்முறை இல்லை' என்று பதிவது பொய்க்கணக்கு. சாதி வன்கொடுமை பற்றிய வினாக்களுக்கும் இது பொருந்தும். ஊர்ச் சாவடியில் உட்கார்ந்துகொண்டு காலனியிலிருந்து ஆட்களை வரவழைத்துக் கேட்டால், யாரைப் பற்றிச் சொல்ல வேண்டுமோ அவர்கள் காதுபடவே சொல்லச் சொல்கிறோம் என்று பொருள். மாற்றுத்திறனாளிகளின் சார்பாக அவர்களைப் பராமரிப்பவரே பதில் சொல்ல விடுவதும் இதே வகைதான், ஏனெனில் துன்புறுத்துபவர் சில நேரங்களில் அந்தப் பராமரிப்பவராகவே இருப்பார். சைகை மொழி பெயர்ப்பாளரை வெளியிலிருந்து அழைத்துச் செல்வதற்கான செலவைத் திட்டத்தின் தொடக்கத்திலேயே ஒதுக்கிவிட வேண்டும்.

வினாக்களின் சொற்களும் ஆளை விலக்கும். "நீங்கள் குற்றத்துக்கு ஆளானீர்களா?" என்றால், கந்துவட்டிக்காரர் வாசலில் நின்று ஏசியதையும் வண்டியை எடுத்துச் சென்றதையும் யாரும் குற்றமாக நினைத்துச் சொல்வதில்லை, கடன் வாங்கியவர் பட வேண்டிய பாடு என்றே எண்ணுகிறார்கள். அதற்கெதிராகத் தமிழ்நாட்டில் 2003 முதல் தனிச் சட்டமே இருக்கிறது. "பணம் கொடுத்தவர் வீட்டுக்கு வந்து மிரட்டினாரா, பொருளை எடுத்துப் போனாரா?" என்று நடந்ததைக் கேட்டால் பதில் வரும். அமெரிக்கர்கள் 1992 வாக்கில் வினாக்களை இப்படி மாற்றியமைத்தபோது, பாலியல் வன்முறையும் வீட்டு வன்முறையும் முன்பைவிடக் கூடுதலாக வெளிப்பட்டன.

காலத்தைக் கேட்பதிலும் கவனம் வேண்டும். 'கடந்த பன்னிரண்டு மாதங்களில்' என்றால் பழைய நிகழ்வும் உள்ளே வந்துவிடும். அழகர் ஆற்றில் இறங்குவதற்கு முன்பா பின்பா என்று கேட்டுப் பாருங்கள், மதுரைக்காரர் எவரும் சரியாகச் சொல்வார்.

வயது வரம்பும் எண்ணிக்கை வரம்பும் மேசையில் உட்கார்ந்து எடுக்கும் முடிவுகள்தாம் என்றாலும், அவை மறைப்பது அதிகம். இங்கிலாந்தில் வீட்டு வன்முறை பற்றிய பகுதி 59 வயதோடு நின்றிருந்தது; 2017இல்தான் 74 வரை நீட்டினார்கள். ஒருவருக்கே திரும்பத் திரும்ப நேர்ந்த ஒரே வகைக் குற்றத்தை நெடுங்காலம் அங்கே ஐந்துக்கு மேல் எண்ணாமல் விட்டார்கள். வாரந்தோறும் அடிபட்டவரின் கணக்கும் ஐந்தாகவே நின்றது. நம் குடும்பநல ஆய்வு 49 வயதுக்கு மேற்பட்ட பெண்களிடம் கேட்பதில்லை. பெற்ற பிள்ளையே மிரட்டிப் பத்திரத்தில் கைநாட்டு வாங்கிய அறுபத்தைந்து வயதுத் தாய் எந்த ஆய்வில் வருவார்?

குழந்தைகளைச் சேர்ப்பதில் மட்டும் அவசரம் கூடாது. இங்கிலாந்து 2009 முதல் 10 வயதிலிருந்து 15 வயது வரையுள்ள பிள்ளைகளையும் கேட்கிறது. இங்கே 2012ஆம் ஆண்டுப் போக்சோ சட்டப்படி, குழந்தைக்கு நேர்ந்த பாலியல் குற்றம் தெரியவந்தால் தெரிவித்தே ஆக வேண்டும், மறைப்பது தண்டனைக்குரியது. ஆகவே "நீ சொல்வது யாருக்கும் தெரியாது" என்று குழந்தைக்கு வாக்குக் கொடுக்கக் கூடாது. எதை யாரிடம் சொல்ல நேரிடும் என்பதைப் பேச்சைத் தொடங்கும் முன்பே குழந்தைக்கும் பெற்றோருக்கும் விளக்கி, 1098 உதவி எண்ணையும் தர வேண்டும். பெண்களுக்கான 181 உதவி எண்ணை மட்டும் அச்சிட்ட சீட்டை வீட்டில் விட்டு வருவதும் ஆபத்தாகலாம். ரேஷன், மருத்துவமனை, மின்வாரிய எண்களோடு ஒன்றாக அதையும் அச்சிட்டுக் கொடுத்தால் வீட்டில் யாரும் அதைச் சந்தேகிக்க மாட்டார்கள்.