மோட்டார்ஹோமை ஜாக் இறக்கி மட்டமாக நிறுத்துவது எப்படி?

மோட்டார்ஹோம் என்பது உள்ளேயே தங்கும் வசதி கொண்ட வீட்டுவண்டி. அது சற்றே சாய்ந்து நின்றால் என்ன குடிமுழுகிவிடும் என்று தோன்றலாம். கதவு தானாகத் திறந்துகொள்வதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அம்மோனியாவில் இயங்கும் குளிர்பெட்டி பொறுக்காது. அதன் குழாய்களில் திரவம் தன் எடையாலேயே கீழே வழிய வேண்டும். சாய்வினால் வழியில் தேங்கிவிட்டால், சூடாகும் பகுதி வறண்டு பழுதாகிவிடும்.

முதலில் இடம் பாருங்கள். கெட்டியான, ஏறக்குறைய சமமான தரை வேண்டும். மலைச்சரிவை மைதானமாக்க ஜாக்கால், அதாவது வண்டியின் அடியிலிருந்து இறங்கித் தரையில் ஊன்றி அதைத் தூக்கும் காலால், ஆகாது. சாய்வு கூடுதலாக இருந்தால், தாழ்ந்த பக்கச் சக்கரங்களை அகலமான பலகைகள் மீது ஏற்றி நிறுத்துங்கள்.

பார்க்கிங் பிரேக்கைப் போட்டு, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். ஒவ்வொரு ஜாக்கின் அடியிலும் தடித்த பலகை ஒன்று. ஈர மண்ணில் மட்டுமல்ல, வெயிலில் இளகிய தாரிலும் ஜாக் புதைந்துவிடும்.

இனி ரசமட்டத்தை வண்டிக்குள் தரையில் வையுங்கள். குமிழி ஓடும் பக்கம் உயரம், எதிர்ப்பக்கம் தாழ்வு. தாழ்ந்த பக்கத்து இரண்டு ஜாக்குகளையும் சேர்த்தே இறக்குங்கள். ஒரே ஒரு மூலையை மட்டும் தூக்கினால் வண்டியின் அடிச்சட்டம் முறுக்கிக்கொள்ளும். முன்கண்ணாடியில் விரிசல்கூட விழலாம். முன்பின் மட்டம், பக்கவாட்டு மட்டம் இரண்டையும் மாற்றி மாற்றிப் பாருங்கள். ஒன்றைத் திருத்தும்போது மற்றொன்று கொஞ்சம் நகரும். எது முதலில் என்பதற்கு வண்டியின் கையேடு சொல்வதே முடிவு. மீதி ஜாக்குகள் தரையில் அழுந்தி நின்றால் போதும், வண்டி ஆடாது.

இந்த நேரத்தில் கண் பின்சக்கரங்கள் மீதே இருக்கட்டும். பெரும்பாலான மோட்டார்ஹோம்களில் பார்க்கிங் பிரேக் பிடிப்பது அவற்றைத்தான். அவை அந்தரத்தில் தொங்கினால் பிரேக் போட்டும் போடாததும் ஒன்றே. வண்டி ஜாக்கை மடக்கிக்கொண்டு உருண்டுவிடக்கூடும். பொத்தானை அழுத்தினால் தானே மட்டம் பார்த்துக்கொள்ளும் வண்டியானாலும் இறங்கிப்போய்ப் பாருங்கள். பின்சக்கரம் தரையை விட்டிருந்தால், இறக்கிவிட்டு வேறு இடம் தேடுவதுதான் புத்திசாலித்தனம்.

ஜாக்கை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்காதீர்கள், டயரும் மாற்றாதீர்கள்.

புறப்படும்போது ஜாக்குகளை முழுவதும் மேலேற்றிய பிறகே கட்டைகளை எடுங்கள். எச்சரிக்கை விளக்கு அணைந்ததை மட்டும் நம்பாமல், வண்டியைச் சுற்றிவந்து ஒவ்வொரு ஜாக்கையும் குனிந்து பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.